முத்துக்கரையில் மருந்துத் தானமும் மரண சாசனமும்

ஆகாரதானம், ஔஷததானம், சாத்திரதானம், அபயதானம் என நால்வகைத் தானங்களை இல்லறத்தார்க்குரிய கடமையாகச் சமண அறநூல்கள் வகுத்துள்ளன. பசித்தவர்க்கு உணவும், நோயுற்றவர்க்கு மருந்தும், அறிவு வேண்டுவோர்க்கு நூலும், அஞ்சி வந்தவர்க்கு அடைக்கலமும் வழங்குதலே அவை. இவற்றுள் மருந்துத் தானத்தைத் தமிழ்ச் சமணர் எத்துணை உயர்வாகப் போற்றினர் என்பதற்கு அவர்கள் தம் நூல்களுக்கு இட்ட பெயர்களே சான்றாகும். கணிமேதாவியார் ஆறு மருந்துப் பொருள்கள் சேர்ந்த ஏலாதி என்னும் சூரணத்தின் பெயரைத் தம் நூலுக்குச் சூட்டினார். காரியாசான் ஐந்து வேர்களால் ஆகிய சிறுபஞ்சமூலம் என்னும் மருந்தின் பெயரைத் தம் நூலுக்கு வைத்தார். உடற்பிணிக்கு மருந்து எதுவோ அதுவே உயிர்ப்பிணிக்கு அறம் என்பது அவர்தம் கருத்து.

உயிரோடிருக்கையில் ஒருவர் செய்யும் மருந்துத் தானத்திற்கு எந்நாட்டிலும் தடையிருந்ததில்லை. ஆனால் தாம் மறைந்த பின் தம் பொருள் மருத்துவமனைக்குச் சேர வேண்டும் என்று ஒருவர் எழுதிவைத்தால் அது செல்லுமா என்னும் வினாவிற்கு, முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடைகள் நெடுங்காலம் வழங்கிவந்தன. எழுதியவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து விடை மாறியது. ஒரு வகுப்பாரைப் பொறுத்தவரை அந்தத் தடை நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வரலாறு அறநிலையங்களை நடத்துவோரும் அவற்றிற்குப் பொருள் வழங்க விழைவோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

கல்லில் பொறித்த கொடை

தூத்துக்குடி மாவட்டத்திலேயே அமைந்த கழுகுமலையில், ஏறத்தாழ கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் செழித்திருந்த சமணப் பள்ளியின் எச்சங்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன. பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்தவர் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. செய்வித்தவர் பட்டியலில் அரசரைக் காட்டிலும் எளியோரே மிகுதி. தச்சரும் குயவரும் அதில் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண்பால் ஆசிரியர்களும் உண்டு. கொடையாளர் பெயர், அவர்தம் ஊர், கொடையின் தன்மை ஆகிய மூன்றும் ஐயத்திற்கிடமின்றி எழுதப்பட்டமையால், ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கழிந்தும் அக்கொடைகளை அடையாளம் காண முடிகிறது.

மருத்துவ அறத்தைக் கல்லில் எழுதிய முறைக்குத் தலைசிறந்த சான்று, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ளது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியவை கூடுமிடத்தில் அமைந்த பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த அக்கல்வெட்டு, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலையின் நிருவாகத்தை விரித்துரைக்கிறது. நோயாளிகளுக்குப் பதினைந்து படுக்கைகள், சிகிச்சை செய்ய மருத்துவர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்தாக்குவோர், நோயாளரைப் பேணும் பெண்கள் எனப் பணியாளர் ஒவ்வொருவரும் குறிக்கப்பட்டுள்ளனர். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும், இரவு முழுதும் எரியும் விளக்குக்கான எண்ணெயும் கூட அதில் விடுபடவில்லை.

கொடுத்தவர் மறைந்த பின்னும் கொடை நிலைக்க வேண்டுமாயின் யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்பன எழுத்தில் நிற்க வேண்டும் என்ற உண்மையை அக்கல்வெட்டு உணர்த்துகிறது. எனினும் அது கோயிலைச் சார்ந்து, உயிரோடிருந்தோர் செய்த ஏற்பாடே ஆகும். ஒருவர் தம் இறப்பிற்குப் பின் நடைமுறைக்கு வரும்படி எழுதும் மரண சாசனம் பின்னாளில் வேரூன்றியது. இன்று வழங்கும் உயில் என்னும் சொல்லே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்ததாகும்.

புன்னைக்காயல் மருத்துவமனை

கொற்கை முத்தின் புகழ் சங்ககாலம் தொட்டே கடல் கடந்து பரவியது. ஆயினும் முத்தெடுத்தவர் வாழ்வு இடர் நிறைந்ததாகவே இருந்தது. மூச்சை அடக்கிக் கல்லைப் பற்றிக்கொண்டு பல பாக ஆழம் இறங்கியவர்களுக்குச் செவியிலும் நெஞ்சிலும் நோய் வந்தது. சுறாவின் அச்சமோ நாள்தோறும் உண்டு. சுறாவைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி மந்திரம் ஓதாமல் குளிப்பு தொடங்கியதில்லை. குளிப்புக் காலத்தில் பல்லாயிரவர் கூடித் தங்கிய கரைமுகாம்களில் வாந்திபேதி பரவியதும் உண்டு. மருத்துவமனையின் தேவையை இக்கரை மக்கள் நன்கறிந்திருந்ததில் வியப்பில்லை.

1530களில் பரதவர் பெருந்திரளாகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த போர்த்துக்கீசியத் துறவி என்றிக்கே என்றீக்கசு, அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். தமிழில் அச்சேறிய தொடக்ககால நூல்களுள் ஒன்றான தம்பிரான் வணக்கத்தை 1578இல் வெளியிட்டவரும் இவரே. இக்கரையில் ஐரோப்பிய முறையில் தோன்றிய மருத்துவமனைகளுள் மிகப் பழையதாக அது எண்ணப்படுகிறது. நெடுங்காலம் இக்கரை மக்களிடையே பணிபுரிந்த என்றீக்கசு 1600இல் மறைந்தார்.

1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமாயிற்று. 1825இல் ஆங்கிலேயரிடம் நிலையாகச் சேர்ந்தது. பின்னர் 1870இல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் நாசரேத்தில், மருத்துவரும் மறைப்பணியாளருமான ஸ்டிராக்கன் என்பவரால் மருத்துவப் பணி தொடங்கப்பட்டது. தூய லூக்கா மருத்துவமனையாக வளர்ந்து அவ்வட்டார மக்களுக்குப் பயன்பட்டது அதுவே. இத்தகைய மருத்துவமனைக்குத் தம் சேமிப்பை விட்டுச்செல்ல அவ்வூர்க் கிறித்தவர் ஒருவர் விரும்பியிருந்தால், ஐந்தாண்டுகளுக்கு முன் இயற்றப்பட்டிருந்த ஒரு சட்டம் குறுக்கே நின்றது.

பன்னிரண்டு மாத விதி

1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதன் 105ஆம் பிரிவில் ஒரு கட்டுப்பாட்டை விதித்தது. 1925ஆம் ஆண்டின் சட்டத்தில் அதுவே 118ஆம் பிரிவாக இடம்பெற்றது. உடன்பிறந்தாரின் மகனோ மகளோ, அவரினும் நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், சமயப் பணிக்கோ அறப்பணிக்கோ உயில்வழிச் சொத்து வைக்க வேண்டுமாயின் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். உயில் எழுதிய நாளிலிருந்து குறைந்தது பன்னிரண்டு மாதம் கழித்தே அவர் இறந்திருக்க வேண்டும். எழுதிய ஆறு மாதத்திற்குள் அவ்வுயிலைச் சட்டம் குறித்த காப்பிடத்தில் ஒப்படைத்திருக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினும் அறக்கொடை செல்லாது.

செல்லாத கொடைகள் எவையெவை என்பதை விளக்கச் சட்டமே எடுத்துக்காட்டுகளையும் அடுக்கியது. ஏழைகளின் துயர்நீக்கம், ஆதரவற்ற குழந்தைகளின் கல்வி, பள்ளிக்கூடம், பாலம், சாலை, தேவாலயம் எனச் செல்லும் அப்பட்டியலில் மருத்துவமனை கட்டுவதும் அதனைப் பேணுவதும் வெளிப்படையாகவே இடம்பெற்றன.

இவ்விதியின் வேர் இங்கிலாந்தில் 1736இல் இயற்றப்பட்ட சட்டத்தில் உள்ளது. சாகும் தறுவாயில் இருப்பவரைக் குருமாரும் அறநிலையத்தாரும் நெருக்கி நிலங்களை எழுதி வாங்கிவிடுவர் என்ற அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. மரணப் படுக்கையில் கிடப்பவரின் மனம் தளர்ந்திருக்கும். மறுமையைப் பற்றிய அச்சமும் மிகுந்திருக்கும். அந்நேரத்தில் பெறும் கையொப்பம் தானமா, பறிப்பா என்று ஐயுறுவது முறையே. ஆனால் இங்கிலாந்துச் சட்டம் பெரிதும் நிலத்தைப் பற்றியதாக இருக்க, இந்தியச் சட்டம் எவ்வகைச் சொத்தையும் தன் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்தது. இங்கிலாந்தும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் விதியைத் தளர்த்தி, 1960இல் முற்றிலும் கைவிட்டது. இந்தியாவிலோ அது நீடித்தது.

ஒரே கரை, மூன்று நெறிகள்

இச்சட்டத்தின் விளைவை உணர, 1930ஆம் ஆண்டளவில் இக்கரையில் வாழ்ந்த மூவரைக் கற்பனையில் கொள்ளலாம். மூவரும் நோய்ப்படுக்கையில் இருக்கின்றனர். மூவருக்கும் உடன்பிறந்தார் மக்கள் உண்டு. மூவரும் தாமே ஈட்டிய பொருளின் ஒரு பகுதியை மருத்துவமனைக்கு எழுதிவைத்து, ஒரு மாதத்தில் இறந்துபடுகின்றனர்.

முதலாமவர் பரதவக் கிறித்தவர். பன்னிரண்டு மாதம் கழியாமையால் அவர் கொடை செல்லாது. மருத்துவமனைக்கு எழுதிய பொருள் உறவினரையே சேரும்.

இரண்டாமவர் காயல்பட்டினத்து இசுலாமிய வணிகர். ஈமச் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றிலொரு பங்கு வரை அவர் எழுதிய கொடை செல்லும். அதற்கு மேற்பட்டதற்கு வாரிசுகளின் இசைவு வேண்டும்.

மூன்றாமவர் சமண வணிகர். உயில் பற்றிய விதிகளுள் எவையெவை இந்து, பௌத்த, சீக்கிய, சமணருக்குப் பொருந்தும் என 1925ஆம் ஆண்டுச் சட்டம் தனியே வரையறுத்தது. அவ்வரையறைக்குள் 118ஆம் பிரிவு இடம்பெறவில்லை. எனவே இரு சாட்சிகள் முன் முறையாகக் கையொப்பமிட்டிருந்தால், இறப்பதற்கு முதல் நாள் எழுதிய கொடையும் செல்லும்.

சமணரின் நிலையும் தொடக்கம் முதல் இத்துணைத் தெளிவாக இருந்ததன்று. 1829ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குவிதி, இந்துக்களின் உயில் இந்து தரும நூல்களுக்கு இசைந்த அளவிலேயே செல்லும் என்றது. உயிலை எழுத்தில் எழுதிச் சாட்சி பெற வேண்டும் என்னும் 1870ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை நகருக்குப் பொருந்தியதேயன்றித் தூத்துக்குடி போன்ற வெளியூர்களுக்குப் பொருந்தவில்லை. அங்கெல்லாம் வாய்மொழியாகச் சொன்ன இறுதி விருப்பமும் உயிலாக ஏற்கப்பட்டது. அதனால் எழுந்த வழக்குகளும் பல. 1927 சனவரி முதல் நாளுக்குப் பின் எழுதப்படும் உயில்கள் அனைத்திற்கும் எழுத்தும் இரு சாட்சிகளும் கட்டாயமாயின. பிரியாத குடும்பச் சொத்தில் தமக்குரிய பங்கை உயிலால் வழங்கும் உரிமையோ 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தால்தான் கிடைத்தது. அதுவரை தாமே ஈட்டிய சொத்தை மட்டுமே எழுதிவைக்க முடிந்தது.

பச்சையப்பரின் சாசனம்

மரணப் படுக்கையில் எழுதப்படும் உயிலைப் பற்றிய அச்சமும், அதன் மீதான நம்பிக்கையும் எத்துணைப் பொருளுடையவை என்பதைப் பச்சையப்ப முதலியாரின் வரலாறு காட்டும். வறுமையில் பிறந்து, வணிகத்தாலும் துபாசித் தொழிலாலும் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1794 மார்ச் 22ஆம் நாள் உயில் எழுதினார். அம்மாதம் 31ஆம் நாள் திருவையாற்றில் மறைந்தார். இடையில் கழிந்தவை ஒன்பது நாள்களே. பன்னிரண்டு மாத விதி போன்றதொன்று அவருக்குப் பொருந்தியிருக்குமாயின், அவர் தருமங்களுக்கு எழுதிய பொருளில் ஒரு காசும் தருமத்திற்குச் சேர்ந்திராது.

ஆனால் சட்டம் தடுக்காத கொடையை மனிதர் தடுத்தனர். உயிலை நிறைவேற்ற வேண்டியோர் கையில் பொருள் தேங்கிற்று, வழக்குகள் தொடர்ந்தன. நாற்பதாண்டுகளுக்கும் மேல் அறம் முடங்கிக் கிடந்தது. பின்னர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியாலும் நீதிமன்றத்தின் ஆணையாலும் பொருள் மீட்கப்பட்டது. கோயில் தருமங்களுக்குப் போக எஞ்சிய தொகையிலிருந்து 1842இல் பச்சையப்பர் பள்ளி தோன்றியது. உயில் செல்லத்தக்கதாக இருப்பது ஒன்று. அது நிறைவேறுவது வேறொன்று. பச்சையப்பரின் நோக்கம் பிழைத்தது அவர் நியமித்தோரால் அன்று; நீதிமன்றம் தலையிட்டமையால் ஆகும்.

2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு

நாடு விடுதலை பெற்று அரசமைப்பு நடைமுறைக்கு வந்த பின்னும் 118ஆம் பிரிவு நீடித்தது. 1991இல் பார்சிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே அது நடைமுறையில் கிறித்தவரையே பெரிதும் கட்டுப்படுத்திற்று. கேரளத்தைச் சேர்ந்த பாதிரியார் ஜான் வள்ளமற்றம் 1997இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். தலைமை நீதிபதி வி.என். கரே, நீதிபதிகள் எஸ்.பி. சின்கா, ஏ.ஆர். லட்சுமணன் ஆகியோர் அடங்கிய ஆயம் 2003 சூலை 21ஆம் நாள் தீர்ப்பளித்தது. சட்டத்தின்முன் சமத்துவம் பேசும் அரசமைப்பின் 14ஆம் பிரிவுக்கு முரணானது எனக் கூறி 118ஆம் பிரிவு நீக்கப்பட்டது.

அப்பிரிவின் முரண்பாட்டை எளிதில் உணரலாம். உடன்பிறந்தார் மக்களைக் காப்பதே அதன் நோக்கமென்றால், கிறித்தவர் ஒருவர் அவர்களைப் புறக்கணித்து, முன்பின் அறியாத ஒருவருக்கு முழுச் சொத்தையும் மரணப் படுக்கையில் எழுதிவைப்பதையும் அது தடுத்திருக்க வேண்டும். அதனைத் தடுக்கவில்லை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அநாதை இல்லத்திற்கும் எழுதுவதை மட்டும் தடுத்தது. அயலார்க்குத் திறந்த வாயில் நோயாளிகளுக்கு அடைபட்டிருந்தது. வழக்கறிஞரை அறிந்த செல்வர் உயிரோடிருக்கையிலேயே பதிவு செய்த தானபத்திரத்தால் அவ்விதியைக் கடந்தனர். சட்டமறியாது இறுதிக் காலத்தில் உயில் எழுதிய எளியோரின் விருப்பமே வீணாயிற்று.

காப்பு யார் கையில்?

தடை நீங்கியதால், தடைக்குக் காரணமான அச்சமும் நீங்கிவிட்டதாகக் கொள்ளுதல் கூடாது. ஏமாற்றியோ வற்புறுத்தியோ பெற்ற உயில் செல்லாது என்னும் பொதுவிதி சமணர் உள்ளிட்ட அனைவர்க்கும் உரியதே. ஆனால் அதனை மெய்ப்பிக்க வேண்டியவர் இறந்துபட்டிருப்பார். ஆகவே பன்னிரண்டு மாத விதி செய்ய முயன்ற காவலை இன்று அறநிலையங்கள் தாமே மேற்கொள்ள வேண்டியுள்ளது. மருத்துவமனை நடத்துவோர், தம்மிடம் சிகிச்சை பெறும் நோயாளியிடம் உயில் பற்றிப் பேசாதிருத்தல், அவ்வுயிலைத் தாமே எழுதித் தராதிருத்தல், தம் பணியாளரைச் சாட்சியாக நிறுத்தாதிருத்தல் ஆகிய மூன்றும் அக்காவலின் அடிப்படைகள். அசௌரியம் எனப்படும் கள்ளாமை அணுவிரதம், கொடாததைக் கொள்ளாமையைக் கூறும். நெருக்கடியில் பெற்றதும் கொடாததற்கு ஒப்பானதே.

கொடுக்க எண்ணுவோர் கருத வேண்டியனவும் சில உண்டு. தெளிந்த மனநிலையும் உடல்நலமும் உள்ள காலத்திலேயே உயில் எழுதுவது தலையாயது. உயிலை எத்துணை முறை வேண்டுமாயினும் மாற்றலாம். இறுதியாக எழுதியதே நிற்கும். ஆதலின் முன்னரே எழுதுவதால் இழப்பு ஏதுமில்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமன்று. எனினும் பதிவு செய்தலோ, முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்தலோ பிற்கால ஐயங்களைக் குறைக்கும்.

மருத்துவமனையின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. கட்டடம் சொத்தை ஏற்க இயலாது. அதனை நடத்தும் அறக்கட்டளையோ சங்கமோதான் ஏற்கும். அதன் பதிவுப் பெயரையும் ஊரையும் குறித்தல் வேண்டும். அம்மருத்துவமனை பின்னாளில் மூடப்பட்டாலோ வேறொன்றுடன் இணைந்தாலோ பொருள் எங்குச் சேர வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். திருமுக்கூடல் கல்வெட்டு விளக்கெண்ணெயையும் விடாது குறித்ததுபோல, ஏழை நோயாளிகளின் மருந்துக்கா, படுக்கைக்கா, கருவிகளுக்கா என்ற பயன்பாட்டையும் தெளிவுறுத்தினால் கொடை வழிமாறாது. பச்சையப்பரின் பொருளுக்கு நேர்ந்தது நேராதிருக்க, உயிலை நிறைவேற்றுபவராக நேர்மையும் வயதில் இளமையும் உடையவரை நியமித்து, அவர் இல்லாதபோது மாற்றாளர் யார் என்பதையும் குறிப்பது நன்று.

அறத்திற்கு முன் கடன் நிற்கிறது என்பதையும் மறத்தலாகாது. தூத்துக்குடியிலிருந்து சுதேசிக் கப்பல் செலுத்திய வ.உ. சிதம்பரனார், 1936இல் மறைவதற்கு முன் எழுதிய உயிலில் தாம் தர வேண்டிய கடன்களைக் கணக்கிட்டுக் குறித்துச் சென்றார். பிறர்க்குரியதைத் தீர்த்த பின் எஞ்சுவதே ஒருவர் வழங்கத்தக்க பொருள் என்பதைச் சட்டமும் சொல்கிறது. அவர் உயிலோ அதனை வாழ்ந்தே காட்டிற்று. மனைவி மக்களின் வாழ்வுக்கு வேண்டியதை ஒதுக்கி, அறக்கொடையின் நோக்கத்தை அவர்களிடம் முன்னரே சொல்லிவைத்தால் வழக்குக்கு இடமிராது.

தசலட்சண பருவத்தின் பத்து அறங்களுள் உத்தம தியாகம் எட்டாவது நாளுக்குரியது. அதனை அடுத்து வருவது உத்தம ஆகிஞ்சன்யம், அதாவது எதனையும் தனதென்று கருதாமை. இவ்வரிசையிலும் ஒரு பொருள் உண்டு. பற்று நீங்குமுன் கொடுத்தல் நிகழ வேண்டும். உயிலால் கொடுப்பவர், தாம் இனிப் பயன்படுத்த இயலாத பொருளையே கொடுக்கிறார். ஆதலால் உயிரோடிருக்கையில் கொடுப்பதே மேலானது என்று கூறுவாருளர். அக்கூற்றில் உண்மையுண்டு. ஆனால் நலமாக வாழும் காலத்தில், அமைதியாக அமர்ந்து, தம் பொருளின் அளவறிந்து, இவ்வளவு என் குடும்பத்திற்கு, இவ்வளவு பிணியாளர்க்கு என்று ஒருவர் எழுதுவாராயின், எழுதிய அந்நாளிலேயே அப்பங்கின் மீதான பற்றை அவர் விட்டுவிடுகிறார். பரிக்கிரக பரிமாணம் என்னும் இல்லறத்தார் விரதம் கூறும் பொருள்வரையறையும் அதுவே.

தூத்துக்குடிக் கடலில் முறையான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மருத்துவமனைகளின் தேவை நிற்கவில்லை. துறைமுகமும் ஆலைகளும் உப்பளங்களும் புதிய உழைப்பாளரையும் புதிய நோய்களையும் கொணர்ந்துள்ளன. பரதவரும் மரைக்காயரும் சமணரும் தத்தம் இறுதி விருப்பத்தால் அந்நோயாளிகளுக்கு உதவும் வழி இன்று சட்டத்தில் திறந்துள்ளது. ஒரு வகுப்பாருக்கு அது நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள் முழுதாய்த் திறக்காதிருந்தது என்பதை எண்ணுவோர், எழுத வேண்டியதை நாளைக்கென்று ஒத்திவையார்.